புளியமரத்தடியில் ஒற்றைச் செருப்பு

தடாலென்று கதவு சுவரில் மோதிய சத்தத்தில் தேவயானியின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்து விழுந்தது.

வாசலில் சுரேஷ்குமார். மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி வந்தவனுக்குப் பேச்சு வரவில்லை. கலெக்டரே வந்து நின்றாலும் கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான் என்று பெயர் வாங்கிய ஏஜெண்ட் அவன். அவன் ஓடி வந்ததே நல்லதாகப் படவில்லை.

"மேடம்... அரியலூர்லேர்ந்து இப்பத்தான் போன் வந்துச்சு. நம்ம அறிவரசனை லாரி அடிச்சிடுச்சாம்."

"எங்க?"

"உடையார்பாளையம் பக்கம். சிமெண்ட் லாரியாம். ஆளு..."

"ஆளுக்கு என்ன? சொல்லித் தொலை சுரேஷ்!"

"போயிட்டான்னு சொல்றாங்க மேடம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த புது ஏஜெண்டுகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எதற்கு எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அவர்களில் ஜோதி என்ற பெண் மட்டும் கரும்பலகையைப் பார்த்தாள். அதில் தேவயானி சற்று முன் எழுதிய வரி அப்படியே இருந்தது.

'கெட்டதை உன் தலையில் போட்டுக்கொள்.'

இன்சூரன்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு தேவயானி சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். ஏஜெண்டுகளைத் தேடிப் பிடித்து, பழக்கி, தொழிலில் நிறுத்துவது அவள் உத்தியோகம். வளர்ச்சி அதிகாரி என்று பெயர்ப்பலகையில் இருக்கும். பெரம்பலூரில் எல்லோருக்கும் அவள் 'டி.ஓ. மேடம்'.

இன்சூரன்ஸ் என்றால் சாவைப் பற்றிப் பேசாமல் முடியாது. ஆனால் ஒருவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டு மோரையே வாங்கிக் குடித்துவிட்டு, "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா" என்று ஆரம்பித்தால் பாலிசி வராது, விளக்குமாறுதான் வரும். தேவயானியே வேலைக்கு வந்த புதிதில், திருமானூரில் முருகையன் என்ற கரும்பு விவசாயியிடம் அப்படிக் கேட்டு மாட்டிக்கொண்டாள். அவர் பெண்டாட்டி உள்ளேயிருந்து உப்பும் மிளகாயும் அள்ளி வந்து புருஷனுக்குச் சுற்றி, இவள் எதிரிலேயே நெருப்பில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் இருமிக்கொண்டே போனவள் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தாள். கெட்டதை எதிராளி மேல் போடக்கூடாது. நம்மேல் போட்டுக்கொண்டு பேச வேண்டும்.

"இப்ப உங்க வூட்டுலேர்ந்து கிளம்பிப் போறேன். ரோட்டுல லாரி அடிச்சிடுது. வண்டி ஒரு பக்கம் கெடக்கு. பை ஒரு பக்கம் கெடக்கு. புளியமரத்தடியில ஒத்தச் செருப்பு..."

இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். மூச்சு விட வேண்டும். அப்புறம் தன்னையே நம்பி இருக்கும் ஒருத்தர் பேரைச் சொல்லி, அவங்க கதி என்ன என்று கேட்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் வீட்டை நினைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "எவ்வளவும்மா கட்டணும்?" என்பார்.

எத்தனையோ பிள்ளைகளை இந்த வார்த்தைகளைச் சொல்ல வைத்திருக்கிறாள் தேவயானி. ஒருவன் தலையில் அது அப்படியே விழும் என்று அவள் நினைத்ததில்லை. அதுவும் அவன் தலையில்.

"மேடம், நானும் வரேன்" என்று ஜோதி, படியிறங்கி ஓடிய தேவயானியின் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். அரியலூர் பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஓடி ஏறினார்கள்.

ஜோதிக்கு வாய் சும்மா இருக்காது. டிக்கெட் வாங்கியதுமே ஆரம்பித்தாள். "ஒண்ணும் ஆயிருக்காது மேடம். எங்க ஊர்ல இப்படித்தான், எங்க பெரியப்பா செத்துட்டாருன்னு மாலையோட வந்து எறங்குனாங்க. அவரு வாசல்ல உக்காந்து பல்லு வெளக்கிக்கிட்டிருந்தாரு. 'வாங்கினது வாங்கிட்டீங்க, வீணாப் போகக் கூடாது'ன்னு வாங்கித் தன் கழுத்துலயே போட்டுக்கிட்டாரு."

தேவயானி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சுண்ணாம்புக்கல் தூசி அடித்தது. அவள் அதை மூடக்கூட இல்லை.

அறிவரசன் வாலிகண்டபுரத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பா இன்னொரு குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தவனை தேவயானிதான் கூப்பிட்டு உட்கார வைத்தாள். முதல் ஆறு மாதம் அவன் ஒருவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்காரரின் கால் கட்டைவிரலைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் பேசினான்.

அவனுக்காக அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வாலிகண்டபுரம் கோயில் மதில் நிழலில் இரண்டு பேரும் உட்காருவார்கள். தேவயானி ஒவ்வொரு நாளும் ஒரு ஆளாக மாறுவாள். ஒரு நாள் கஞ்சன் மளிகைக்கடைக்காரர். ஒரு நாள் எதைச் சொன்னாலும் "எங்க வூட்டுக்காரரைக் கேக்கணும்" என்று சொல்லும் அம்மா. அவன் அவளிடம் பேசிப் பழக வேண்டும். நடுவே அவள் மளிகைக்கடைக்காரர் மாதிரி காதைக் குடைந்து காட்டினால் அவன் சிரித்துப் பாடத்தையே மறந்துவிடுவான்.

ஒரு நாள் அவன் புளியமரம் வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு, "எங்கம்மா கதி என்ன ஆகும்?" என்று முடித்தான். ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது.

"உனக்குத்தான் அம்மா இல்லியே. அப்புறம் எதுக்கு அம்மான்னு சொல்றே?"

"எல்லாரும் அப்படித்தானே மேடம் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றதையே நீயும் சொன்னா எவன் நம்புவான்? உனக்கு ஒண்ணு ஆனா நெசமாவே யாரு ஒடிஞ்சு போவாங்களோ, அந்தப் பேரைச் சொல்லு. குரல் தானா மாறும்."

அவன் கையிலிருந்த கடலைத் தோலை ஊதிக்கொண்டே வெகுநேரம் யோசித்தான். "அப்படி யாரும் இல்லியே மேடம்" என்றான்.

அவள் நெஞ்சில் அது எங்கேயோ குத்தியது. "கண்டுபிடி. அதுவரைக்கும் தனியாப் போகாதே" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரமே டி.வி.எஸ். 50 ஒன்றை யாரிடமோ பழையதாக வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "கண்டுபிடிச்சிட்டேன் மேடம்."

"யாரு?"

"அதெல்லாம் கஸ்டமருக்கு மட்டும்தான் சொல்றது."

சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். அன்றிலிருந்து அவன் தனியாகத்தான் போனான். பாலிசிகள் மளமளவென்று வந்தன. அவன் பேசினால் கல்லும் கரைகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. திருமானூரில் அவனுக்கு மாமன் மகள் ஒருத்தி இருப்பதாக சுரேஷ்குமார் ஒருநாள் சொன்னான். அவள் பேர்தான் என்று தேவயானி தனக்குத்தானே முடிவு செய்துகொண்டாள். ஆனாலும் யாராவது ஒருவர் வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்றாவது அவன் அந்தப் பேரைச் சொல்வதைக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஏக்கம் இருந்தது. சாயங்காலங்களில் ஆபீஸ் மாடியிலிருந்து அந்த வண்டிச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். சத்தம் கேட்டதும் அவசரமாக ஏதாவது ஒரு பைலை எடுத்து விரித்துக்கொள்வாள்.

அவளுக்கு அவனைவிட ஐந்து வயது கூட. அப்பா போனபிறகு இரண்டு தங்கைகளுக்கும் தன் சம்பளத்திலேயே கல்யாணம் செய்து அனுப்பினாள். அதன்பின் தரகர்கள் அந்தத் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். இதற்குமேல் அவள் அவனுக்கு அதிகாரி வேறு. ஊர் வாய் சும்மா இருக்குமா?

போன வெள்ளிக்கிழமை அவன் அவள் மேஜை முன்னால் வந்து நின்றான். திருச்சியில் புதிதாக வந்திருக்கும் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மேனேஜராகக் கூப்பிடுகிறார்களாம்.

"போகட்டுமா மேடம்?"

போகாதே என்றுதான் வாய்வரை வந்தது. வந்ததை அவள் விழுங்கினாள். "இதுக்குத்தானே உன்னைத் தயார் பண்ணேன். தாராளமாப் போ" என்றாள். பெரிய மனுஷித்தனமான குரல். அவளுக்கே அது பிடிக்கவில்லை.

அவன் உடனே நகரவில்லை. பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே நின்றான். "வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"டை கட்டப் பழகிக்க. அந்தக் கம்பெனியெல்லாம் கேப்பாங்க."

அவன் சிரித்தான். அது வழக்கமான சிரிப்பு இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான். அவ்வளவுதான். அவனிடம் தான் பேசிய கடைசிப் பேச்சு டை பற்றியா இருக்க வேண்டும்?

'கடவுளே, அவன் யார் பேரை வேணும்னாலும் சொல்லட்டும். மாமன் மகளையே கட்டிக்கட்டும். ஆள் உசுரோட இருந்தாப் போதும்.' அரியலூர் வருகிறவரைக்கும் இதையே திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டு வந்தாள்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் அப்படி யாரையும் கொண்டு வரவில்லை என்றார்கள். காலில் கல் விழுந்த ஒரு சுரங்கத் தொழிலாளியும், நாய் கடித்த இரண்டு பேரும்தான் இருந்தார்கள். ஜோதி கட்டில் கட்டிலாகப் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்துத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விசாரித்தபோது செய்தியைக் கொண்டு வந்த ஆள் கிடைத்தான். செல்லக்கண்ணு, உடையார்பாளையம் பக்கத்து மினி பஸ் கண்டக்டர். சுற்றி நாலு பேர் நிற்க, கையில் டீயோடு கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கோராமையை ஏங்க கேக்குறீங்க! வண்டி ஒரு பக்கம் கெடக்கு. பை ஒரு பக்கம் கெடக்கு. புளியமரத்தடியில ஒத்தச் செருப்பு..."

தேவயானி சிலையாக நின்றாள்.

வண்டி, பை, செருப்பு. அதே வரிசை. செருப்புக்கு அப்புறம் அவன் நிறுத்தி மூச்சு விட்டது உட்பட.

"மேடம்" என்று ஜோதி அவள் கையைப் பிடித்தாள். "இது காலையில நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுல்ல?"

தேவயானி கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"பாத்த மாதிரிதாங்க."

"பாத்தீங்களா, பாக்கலியா?"

செல்லக்கண்ணு டீயைக் கீழே வைத்தான். "ஆண்டாயி அக்கா முந்திரிக் கொட்டகையில வேலை பாக்குற பாப்பாயின்னு ஒரு பொம்பள பஸ்ஸுல சொல்லுச்சுங்க. அங்க எல்லாப் பொம்பளைங்களும் அழுதுக்கிட்டு இருந்துச்சுங்களாம். பொய்யா இருந்தா இத்தனை பேரு அழுவாங்களா?"

அடுத்த பஸ் பிடித்தார்கள். தேவயானியின் மனம் ஒரு பக்கம் துள்ளியது, ஒரு பக்கம் நடுங்கியது. அவன் பேசிய பேச்சுத்தான் செய்தியாகக் கிளம்பிவிட்டதா? இல்லை, பேசிய வாய்க்குப் பேச்சே பலித்துவிட்டதா? லாரி அடித்தால் செருப்பு புளியமரத்தடியில் விழாமல் வேறெங்கே விழும்? அந்த ரோடு முழுக்கப் புளியமரம்தானே.

வழியில் திருச்சி போகும் பஸ் ஒன்று எதிரே வந்தது. ரோடு குறுகலான இடம். இரண்டு பஸ்ஸும் உரசுகிற மாதிரி ஒதுங்கி, ஒன்றையொன்று மெதுவாகக் கடந்தன. புழுதி கிளம்பியது. ஜோதி தாவணியால் மேடத்தின் முகத்தை மறைத்தாள்.

ஆண்டாயியின் கொட்டகை உடையார்பாளையத்தை ஒட்டி, முந்திரித்தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. கொட்டை உடைக்கிற சத்தம் தூரத்திலேயே கேட்டது. உள்ளே நுழைந்த தேவயானி முதலில் பார்த்தது மனிதர்களை இல்லை. பந்தக்காலில் சாய்த்து நிறுத்தியிருந்த டி.வி.எஸ். 50-ஐ. முன்விளக்கு உடையவில்லை. ஹேண்டில் வளையவில்லை. அவன் மாட்டியிருந்த பிளாஸ்டிக் ரோஜாகூட அப்படியே இருந்தது.

அவள் பக்கத்தில் கிடந்த சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரைத் தேடுற தாயி?" என்று எழுந்து வந்தாள் ஆண்டாயி. ஐம்பது வயதிருக்கும். தோலைப் புண்ணாக்கும் முந்திரிக்கொட்டைப் பால் படாமலிருக்க இரண்டு கையிலும் சாம்பல் பூசியிருந்தாள்.

ஜோதிதான் பேசினாள். "இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அறிவரசன்னு... அவரை லாரி அடிச்சிட்டதா..."

ஆண்டாயி அவளை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் மூலைக்குத் திரும்பினாள். "அடி கூறுகெட்ட பாப்பாயி! ரேஷனுக்குப் போறேன்னு போயி இதத்தான் ஊருல வெதைச்சுட்டு வந்தியா?"

மூலையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பாப்பாயி எழுந்து நின்றாள். "நான் என்னத்தக்கா கண்டேன்? தண்ணிக்குடத்தோட வந்தா எல்லாரும் மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கீங்க. என்னான்னு கேட்டா லாரிங்கிறீங்க, செருப்புங்கிறீங்க. தம்பி கொட்டகைக்குப் பின்னால கை கழுவிக்கிட்டிருந்துச்சுன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னீங்களா? நானும் ஒரு பாட்டம் அழுதுட்டுப் பஸ் ஏறுனேன். எனக்கு அந்த அழுகைய திருப்பிக் குடுங்க!"

கொட்டகையே சிரித்தது. தேவயானியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதை அவளால் நிறுத்த முடியவில்லை.

"அவன்... எங்க இப்ப?"

"இம்மா நேரம் இங்கதான் இருந்துச்சு. ஊருல பாலிசி போட்டவங்க வூட்டுக்கெல்லாம் போயி சொல்லிட்டு வந்து, சோறு தின்னுட்டு, கொஞ்சம் முந்தித்தான் திருச்சி பஸ் ஏறுச்சு. நாளைக்குப் புது ஆபீசாமே. அங்க பைக் தராங்களாம். இந்த வண்டிய எம்மவனுக்குக் குடுத்துட்டுப் போயிடுச்சு."

புழுதியில் உரசிக் கடந்துபோன அந்த பஸ். ஜோதி தன் தாவணி நுனியைப் பார்த்தாள்.

ஆண்டாயியே தொடர்ந்தாள். "எனக்கு முந்திரிய எட போடத்தான் தெரியும். இந்த இன்சூரன்ஸெல்லாம் வேணாம்னுதான் வருஷக்கணக்கா வெரட்டுனேன். இன்னைக்கு அந்தப் பேச்சப் பேசுச்சு பாரு, ஒரே போடு. கையெழுத்துப் போட்டுட்டேன். 'இது எங்க மேடம் கணக்குல நான் சேக்குற கடைசிப் பாலிசி'ன்னு சொல்லிட்டுத்தான் வாங்கிட்டுப் போச்சு. ஆமா, நீ யாரு தாயி அந்தத் தம்பிக்கு? இப்படி அழுவுற?"

தேவயானி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள். வாடிக்கையாளர் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாளோ அப்படி நேராக நின்றாள்.

"அவனுக்கு வேலை சொல்லிக் குடுத்தவ. அவன் சொன்ன மேடம் நான்தான். எம் பேரு தேவயானி."

கொட்டை உடைக்கிற சத்தம் சட்டென்று நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பாயி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்டாயி சாம்பல் கையோடேயே வந்து தேவயானியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அடியாத்தி, மேடம்னா யாரோ வயசானவங்கன்னுல்ல நெனச்சேன்... 'எனக்கு ஒண்ணு ஆயிட்டா ஒடிஞ்சு போக எனக்குன்னு தேவயானின்னு ஒருத்தி இருக்கா, ஆனா எனக்காக அழுவியான்னு அவளக் கேக்குற தைரியம் இன்னும் எனக்கு வரல'ன்னு சொல்லித்தானே தாயி இத்தன பேரையும் அழ வெச்சுட்டுப் போச்சு அந்தப் புள்ள!"